பாலாற்று மணலில் ஓடும் ஆர்.சி. காருக்கு எந்த பேரிங்?

வேலூரில் பாலாறு வறண்டு கிடக்கும்போது ஆர்.சி. கார், அதாவது ரிமோட்டில் இயக்கும் சின்னக் கார், ஓட்டுவது தனி சுகம். ஆனால் பொடி மணல் சக்கர பேரிங்குக்குள் புகுந்தால் கரகரவென்று அரைத்துவிடும். அதனால் ரப்பர் சீல் போட்ட 2ஆர்.எஸ். வகையையே வாங்குங்கள். மெட்டல் மூடி போட்ட இசட்.இசட். வகை இன்னும் லேசாகச் சுற்றும், ஆனால் ஓரத்தில் மயிரிழை இடைவெளி உண்டு. சிமென்ட் தரைக்கு மட்டும் சரி.

உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் வெர்னியர் அளவுகோலில் அளந்து வாங்குங்கள். 5×10×4, 5×11×4 மி.மீ. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். 11 மி.மீ. குழியில் 10 மி.மீ. பேரிங்கைப் போட்டால் சக்கரம் ஆடும். செராமிக் பேரிங்குக்குக் காசைக் கொட்டவே வேண்டாம், மணல் அதையும் விடாது. அப்புறம், ஓட்டி முடித்ததும் சக்கரத்தைக் கழற்றி பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். தடுக்கித் தடுக்கிச் சுற்றினால் உடனே மாற்றிவிடுங்கள்.