பழைய ஓட்டுக் கூரை: பழுது பார்ப்பதா, பிரித்து மாற்றுவதா?

ஐப்பசி மழையில் கூடத்தின் நடுவே அண்டாவை வைத்து ஒழுகலைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கூரையைப் பற்றி எடுக்கும் முடிவு பெரும்பாலும் தவறாகவே அமைகிறது. ஒருவர் வந்து பத்து ஓடுகளை மாற்றினால் போதும் என்பார். இன்னொருவர் எல்லாவற்றையும் பிரித்துவிட்டுத் தளம் போட்டுவிடலாம் என்பார். இருவரும் ஓடுகளை மட்டுமே பார்த்துப் பேசுகிறார்கள். ஓட்டைத் தாங்கும் மரத்தையும் மரத்தைத் தாங்கும் சுவரையும் பார்த்த பிறகே இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியும். சீமை ஓடு (மங்களூர் ஓடு) வேய்ந்த, நாற்பது ஐம்பது ஆண்டு கடந்த வீட்டை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன்.

முதல் படி, ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது. மழை பெய்யும்போதே, நீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே கைமரத்தில் (முகட்டிலிருந்து சுவருக்குச் சாய்வாக இறங்கும் மரம்) சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஆனால் உடைந்த ஓடு அங்கேயே இருக்கும் என்று எண்ண வேண்டாம். உள்ளே புகுந்த நீர் ஓட்டின் அடிப்பக்கத்திலும் கைமரத்திலும் வழிந்து இறங்கி, தடை பட்ட இடத்தில்தான் சொட்டும். எனவே கோட்டிலிருந்து முகட்டை நோக்கி மேலே தேட வேண்டும். நல்ல வெயில் நாளில் அறையை இருட்டாக்கிப் பார்த்தால், விரிசல்கள் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். இரண்டு சரிவுகள் உள்மூலையாகச் சேரும் கூடல்வாயைத் தவறாமல் பாருங்கள். அங்கே போட்ட தகடு துருப்பிடித்து ஓட்டையானால், ஓடுகள் எல்லாம் நன்றாக இருந்தும் வீடு ஒழுகும். முகட்டை மூடும் மோட்டு ஓட்டின் காரை வெடித்திருந்தாலும் அப்படியே. இவை இரண்டும் சிறு செலவில் தீரும் குறைகள்.

அடுத்து ஓடுகளைச் சோதியுங்கள். கூரையின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து நான்கைந்து ஓடுகளை இறக்கி விரலால் சுண்டினால், நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளது மந்தமாக ஒலிக்கும். பிறகு உலர்ந்த ஓட்டை எடை போட்டு, ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊற வைத்து மீண்டும் எடை போடுங்கள். இரண்டரைக் கிலோ ஓடு அரைக் கிலோவுக்கு மேல், அதாவது 20 சதவீதத்துக்கு மேல், நீர் குடித்திருந்தால் அந்த ஓட்டின் காலம் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிலிலிருந்து இவ்வகை ஓடு பரவியது. ஆனால் அளவும், ஓடுகள் ஒன்றோடொன்று பொருந்தும் பள்ளமான காடியும் சூளைக்குச் சூளை மாறும். ஆகவே பழைய ஓடு ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று, அதனுடன் பொருந்துவதை மட்டுமே வாங்க வேண்டும். பொருந்துவது கிடைக்காவிட்டால், நல்ல பழைய ஓடுகளை எல்லாம் ஒரு சரிவுக்கு மாற்றிவிட்டு, மறு சரிவு முழுவதையும் புது ஓட்டால் வேயலாம். கலந்து போட்டால் ஒழுகல் நிற்காது.

முடிவைத் தீர்மானிப்பது மரம்தான். இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். எங்கள் பழைய வீட்டில் கைமரங்கள் பார்வைக்குக் கருகருவென்று திடமாகவே இருந்தன. சுவருக்குள் நுழையும் முனையில் திருப்புளியை வைத்து அழுத்தினேன். அது பிடி வரைக்கும் உள்ளே போயிற்று, வெளியே இழுத்தபோது ஈரமான மாவு ஒட்டிக்கொண்டு வந்தது. மரம் முதலில் கெடுவது இந்தச் சுவர்முனையில்தான், ஏனென்றால் அங்கே ஈரம் காய்வதில்லை. பனைமரத்தில் அறுத்த பனங்கையாக இருந்தால் வெளி வைரம் நிற்கும், உட்சோறு போயிருக்கும்; சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால் ஒலி மாறும் இடத்தில் தெரிந்துவிடும். கரையான் மண்கோடு, தரையில் தினமும் விழும் மரத்தூள் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக முகட்டு விட்டத்தின் இரு முனைகளுக்கும் இடையே நூலை இழுத்துக் கட்டி, நடுவில் விட்டம் தொய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கைமரங்களின் குறுக்கே அடித்து ஓட்டைத் தாங்கும் ரீப்பர்கள் மட்டும் கெட்டிருந்தால் மாற்றிவிடலாம். இரண்டு மூன்று கைமரங்கள் கெட்டிருந்தால், பக்கத்தில் புதுக் கட்டையைச் சேர்த்துப் போல்ட் முடுக்கலாம். மூன்றில் ஒரு பங்கு கைமரங்களுக்கு மேல் முனை உளுத்திருந்தாலோ, முகட்டு விட்டம் தொய்ந்திருந்தாலோ பழுது பார்ப்பதில் பொருள் இல்லை. கூரையைப் பிரித்துப் புது மரத்தில் வேய்வதே சரி. பழுதுச் செலவு புதுக்கூரைச் செலவில் பாதியைத் தாண்டும்போதும் இதே முடிவைத்தான் நான் எடுப்பேன்.

மாற்றுவது என்று முடிவானால், எதற்கு மாற்றுவது என்பதைச் சுவர் சொல்லட்டும். ஓடுகளின் எடை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 40 கிலோ, மரத்தின் எடை தனி. 12 சென்டிமீட்டர் கனமுள்ள காங்கிரீட் தளமோ சுமார் 300 கிலோ. மண் சாந்தில் எழுப்பிய சுவர் இந்தப் பாரத்தைத் தாங்கும் என்று யாரோ வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பாமல், கட்டடப் பொறியாளரை அழைத்து அஸ்திவாரத்தைத் தோண்டிக் காட்டுங்கள். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, சுவரின் தலை வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் அதையும் அவரிடம் சொல்ல வேண்டும். தகரக் கூரை எடையில் குறைவு. ஆனால் சித்திரை வெயிலில் அதன் கீழே பகலில் உட்கார முடியாது. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஓட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன், அறுக்கும்போதும் உடையும்போதும் பறக்கும் அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

கூரைமேல் ஏறுவதைப் பழகியவரிடம் விடுங்கள். அவரும் ஓட்டின் நடுவே மிதிக்காமல் பலகை போட்டே நடக்க வேண்டும். பங்குனிக்கும் ஆனிக்கும் இடையில் வேலையை முடிப்பது நல்லது. கோடை மழைக்கு நாள் கணக்கு இல்லையாதலால், ஒரு நாளில் வேய்ந்து மூடக்கூடிய அளவுக்கு மட்டும் பிரிக்கச் சொல்லுங்கள். முதல் ஓட்டை எடுக்கும் முன்பே தார்ப்பாய் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கட்டும்.