ஏரியில் தண்ணீர், வரைபடத்தில் வறட்சி

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் வேலூரில் ஏரிகளை விட்டால் கிணறுகளுக்குக் கதியில்லை. தூர்வாரிய ஓர் ஏரியையும் அதன் வரத்துக்கால்வாயையும் செயற்கைக்கோள் படங்களில் கண்காணிப்பது என் பயிற்சிப் பணி. ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படங்கள் இலவசம். 10 மீட்டர் துல்லியம்: ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர் சதுரம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், பச்சை ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியும் பதிவான பட்டைகளைக் கொண்டு, நீரைத் தரையிலிருந்து பிரித்துக்காட்டும் நீர்க்குறியீடு கணக்கிட்டேன். ஏரி நிரம்பியிருந்த வேளையில் பாதி ஏரி தரையாக வந்து நின்றது.

கரைக்குப் போய்ப் பார்த்தேன். மதகை ஒட்டி ஆகாயத்தாமரை, ஊதாப் பூக்களோடு, இடைவெளியின்றி அடர்ந்திருந்தது. ஒரு செடியைத் தூக்கியதும் கறுத்த வேர்க்கொத்திலிருந்து தண்ணீர் கொட்டியது. தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும். இலையோ திருப்பி அனுப்பும். அடியில் இருந்த நீர் கணக்கில் விழாத காரணம் அதுதான்.

பச்சைத் தாவரங்களைக் காட்டும் தாவரக் குறியீட்டைச் சேர்த்தேன். ஆனால் ஏரியில் நிற்கும் சீமைக்கருவேலமும் அதில் பச்சைதானே! மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர்தான் வழி சொன்னார்: "தம்பி, தாமரை காற்றடித்தால் இடம் மாறும். முள்மரம் எங்கே போகும்?" எத்தனை கூர்மையான கண்! வெவ்வேறு தேதிப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நகர்ந்த பச்சையை நீர்ப்பரப்பில் சேர்த்தேன். நகராததைக் கருவேலம் என்று குறித்து, கைப்பேசியில் எடுத்த ஜிபிஎஸ் புள்ளிகளோடு ஒப்பிட்டேன். கரையோரம் சிக்கி அசையாமல் நின்ற தாமரைக்கு மட்டும் நேரில் நடந்தே எல்லை வரைந்தேன்.

ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைத்துவிடும். அந்தப் பருவத்துக்கு வானம் தெளிந்தபின் கிடைக்கும் முதல் படத்தையே எடுத்துக்கொள்கிறேன்.