டெல்டா விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின் ஆவது எப்படி?

மேட்டூர் அணைத் திறப்பு, பயிர்க் காப்பீட்டுக் கெடு, வடகிழக்குப் பருவமழை, அரசின் நெல் கொள்முதல். காவிரி டெல்டாவில் ஒரு விவசாயிகள் குழு வருஷத்தில் இந்த நான்கு சமயங்களில்தான் கொதிக்கும். மற்ற நாட்களில் காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்துமாக ஓடும். தப்பான தகவலை நம்பி நாற்றங்காலில் விதை தெளித்தவருக்கும், ஈர நெல்லை டிராக்டரில் ஏற்றிப் போய்த் திரும்பி வந்தவருக்கும் கைக்காசு போகிறது. அந்தத் தகவல் நம் குழு வழியாகப் போயிருந்தால் அதில் நமக்கும் பங்கு உண்டு.

ஊர்க் குழுவில் இன்னொரு சங்கதி இருக்கிறது. நீங்கள் எச்சரிக்கிற ஆளை நாளைக் காலை டீக்கடையில் பார்த்தாக வேண்டும். அவர் வயலைத் தாண்டித்தான் உங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும். முகம் தெரியாதவர்கள் கூடும் குழுக்களில் செய்வதுபோல இங்கே ஆளை வெட்டிவிட்டுப் போக முடியாது. கீழே சொல்வதெல்லாம் இதை மனதில் வைத்துத்தான்.

பொறுப்பு தேடி வர என்ன செய்வது

"என்னையும் அட்மின் ஆக்குங்கள்" என்று குழுவில் கேட்காதீர்கள். கேட்டவருக்கு ஏதோ லாபம் இருக்கிறது என்று நாலு பேர் நினைப்பார்கள். அதற்குப் பதில் இரண்டு மாதம் ஒரே ஒரு வேலையைத் தவறாமல் செய்யுங்கள். எளிதானது, மேட்டூர் நிலவரம். தினமும் காலை வெளிவரும் அளவை ஒரே வடிவத்தில் போடுங்கள்: தேதி, நேரம், நீர்மட்டம் அடியில், நீர்வரத்து கன அடியில், திறப்பு கன அடியில், இருப்பு டி.எம்.சி.யில் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). தேதியைச் செய்திக்குள்ளேயே எழுத வேண்டும். மூன்று நாள் கழித்து ஒருவர் ஃபார்வர்டு செய்தால் அனுப்பிய நேரம் புதிதாகக் காட்டும். உள்ளே தேதி இல்லாவிட்டால் பழைய அளவு இன்றைய அளவாகிவிடும்.

இப்படிச் செய்துவந்தால் சந்தேகம் என்றால் உங்களைக் கேட்கும் பழக்கம் தானாக வரும். அப்போது இருக்கிற அட்மினைத் தனியாகப் பார்த்து, "ராத்திரி நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணே" என்று ஒரு குறிப்பிட்ட வேலையைச் சொல்லிக் கேளுங்கள். பொறுப்பைப் பங்குபோட ஆள் கிடைத்தால் யாரும் மறுப்பதில்லை.

300 பேர் இருக்கும் குழுவுக்கு நான்கு அட்மின் போதும். ஒரே தெரு, ஒரே கட்சி, ஒரே சாதி ஆட்களாக இருந்தால் என்ன நியாயம் செய்தாலும் எடுபடாது. ஒருவர் கட்டாயம் கடைமடைக்காரராக, அதாவது வாய்க்காலின் கடைசிக் கோடியில் வயல் உள்ளவராக இருக்க வேண்டும். தலைமடையில் இருப்பவருக்குத் தண்ணீர் வந்துவிட்டால் குழுவின் பேச்சே அடங்கிவிடும். ஒருவர் பெண்ணாக இருப்பது அவசியம். தனிச் செய்தியில் தொல்லை வந்தால் பெண்கள் அதை ஓர் ஆண் அட்மினிடம் சொல்ல மாட்டார்கள், சத்தமில்லாமல் குழுவை விட்டுப் போய்விடுவார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவரைச் சேர்த்தால் ராத்திரிக் காவல் சுலபம்: நம் இரவு 11 மணி துபாயில் 9.30, நம் விடியற்காலை 5 மணி சிங்கப்பூரில் 7.30.

முதல் நாள் சரிபார்க்க வேண்டியவை

உங்கள் கணக்குக்கு முதலில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு 6 இலக்க பின் வையுங்கள். அட்மின் கணக்கைப் பிடித்துவிட்டால் மொத்தக் குழுவும் மோசடிக்காரன் கையில். யார் போனில் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லக் கூடாது, சித்தப்பா எண்ணிலிருந்து கேட்டாலும்தான்.

அடுத்து குழு அமைப்புகள். குழுவின் பெயர், படத்தை மாற்றும் உரிமை அட்மின்களுக்கு மட்டும். புதிதாகச் சேர்பவருக்கு அட்மின் ஒப்புதல் வேண்டும் என்பதை ஆன் செய்யுங்கள். அழைப்பு லிங்க் பூச்சிமருந்துக் கடைச் சுவரில், முகநூலில் என்று எங்கெங்கோ போயிருக்கும். பழையதை ரீசெட் செய்து புதிது எடுங்கள். சேர வருபவரிடம் ஊர், எந்த வாய்க்கால் பாசனம், குழுவில் யாரைத் தெரியும் என்ற மூன்று கேள்வி போதும்.

விதிகளைக் குழு விவரப் பகுதியில் எழுதுங்கள். பலர் விதிச் செய்தியைக் குழுவின் மேலே குத்தி வைத்துவிட்டு ("பின்" செய்வது) நிம்மதியாக இருப்பார்கள். அப்படிக் குத்தியது அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும், அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அது தெரியவும் தெரியாது. விதி ஏழெட்டு வரிக்குள் இருக்கட்டும். அதில் விட்டுவிடக் கூடாத ஒன்று குரல் பதிவு. எழுதச் சிரமப்படும் பெரியவர்களுக்கு அதுதான் வழி, தடுக்கக் கூடாது. ஒரு நிமிடத்துக்குள் பேசி, "பம்ப்செட் பழுது", "நாற்று தேவை" என்று ஒரு வரி தட்டச்சும் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பின்னால் தேடி எடுக்க முடியாது, உள்ளே என்ன பேசியிருக்கிறார்கள் என்று அட்மினுக்கும் தெரியாது.

செய்தியைச் சலிப்பது

அட்மினின் நேரத்தில் பாதி இங்கேதான் போகும், போகவும் வேண்டும். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் மாதம், இரவு 9 மணி. "மேட்டூரிலிருந்து 10,000 டி.எம்.சி. திறப்பு, கொள்ளிடக் கரையோர மக்கள் உடனே வெளியேறவும்" என்று வருகிறது, கூடவே மதகு உடைந்த வீடியோ.

முதலில் எண்ணைப் பாருங்கள். மேட்டூரின் முழுக் கொள்ளளவே 120 அடியில் 93.47 டி.எம்.சி.தான். எழுதியவர் கன அடியையும் டி.எம்.சி.யையும் குழப்பியிருக்கிறார். விநாடிக்கு 10,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் ஒரு டி.எம்.சி.க்குச் சற்றுக் குறைவு. 1 லட்சம் கன அடி திறந்தால்தான் நாளுக்கு 8.64 டி.எம்.சி. இந்தக் கணக்கை மனப்பாடம் செய்துகொண்டால் வருகிற வதந்தியில் பாதி வாசலிலேயே நின்றுவிடும்.

பிறகு ஃபார்வர்டு ஆன செய்தியின் மேலே வரும் அம்புக்குறி. இரட்டை அம்பு இருந்தால் ஐந்து கைக்கு மேல் மாறி வந்திருக்கிறது. எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. வீடியோவில் இடம் எது? முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் உடைந்தது 2018 ஆகஸ்ட் 22. படத்தில் இருப்பது அந்தப் பழைய உடைப்பு என்றால் அது இன்றைய வீடியோவாக இருக்க முடியாது.

கடைசியாக போன். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. ஆற்றங்கரை ஊரில் இருக்கிற உறுப்பினர் ஒருவரையும் கூப்பிட்டு இப்போது தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். மொத்தம் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் செய்தி குழுவில் கிடக்க வேண்டியதில்லை: நீக்கிவிட்டு, "சரிபார்க்கிறோம், 9.15-க்குள் சொல்கிறோம்" என்று எழுதுங்கள். சொன்ன நேரத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

நீக்கும்போது கவனம்: எந்த அட்மின் நீக்கினார் என்று குழுவுக்கே காட்டும். காரணம் எழுதாமல் நீக்கினால் அடுத்த அரை மணி நேரம் சண்டை அதைப் பற்றித்தான் நடக்கும்.

இதே சல்லடைதான் மற்றவற்றுக்கும். கொள்முதலில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. மழை பெய்தால் தளர்வு கேட்டுக் கோரிக்கை போகும். கோரிக்கை போனதையே "உத்தரவு வந்துவிட்டது" என்று யாராவது போட்டுவிடுவார்கள். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கெடு பெரும்பாலும் நவம்பர் 15. கெடு நீட்டிப்பும் அப்படியே வதந்தியாக வரும், அதை நம்பி ஒருவர் பணம் கட்டாமல் விட்டால் அந்தப் போகமே போச்சு. உத்தரவின் படமோ, கூட்டுறவுச் சங்கத்திலோ வேளாண் அலுவலகத்திலோ பேசிய உறுதியோ இல்லாமல் "நீட்டிப்பு" என்ற சொல்லைக் குழுவில் நிற்க விடாதீர்கள்.

கரை உடைப்பு என்று வந்தால் ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது, ஆனால் விவரம் வாங்குங்கள்: எந்த ஆறு அல்லது வாய்க்கால், எந்த ஊர், எந்தப் பக்கம், எத்தனை மணிக்குப் பார்த்தது, ஒரு படம், லொகேஷன். இடது கரை, வலது கரை என்பது தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்து நின்று சொல்வது. எதிர்த்து நின்று சொன்னால் மணல் மூட்டை அக்கரைக்குப் போய்விடும்.

மருந்து அளவு

தவறினால் திருத்த முடியாதது இது. பயிரைத் தாக்கியிருப்பது புகையான் பூச்சியா, இலைச்சுருட்டுப் புழுவா என்று கேட்டு ஒரு மங்கலான படம் வரும்; ஐந்து நிமிடத்தில் ஆறு மருந்துப் பெயர் வந்து விழும். பெரிய குழப்பம் அளவில். ஒருவர் ஏக்கருக்குச் சொல்வார், படிப்பவர் தெளிப்பான் டேங்குக்கு எடுத்துக்கொள்வார். டேங்கிலும் 10 லிட்டரும் உண்டு, 16 லிட்டரும் உண்டு. ஆகவே கேட்பவர் ரகம், பயிரின் வயது நாளில், வயலில் தண்ணீர் நிற்கிறதா, தூரின் அடிப்பக்கப் படம் ஆகியவற்றைத் தர வேண்டும். பதில் சொல்பவர் ஏக்கருக்கா டேங்குக்கா என்று எழுதாவிட்டால் அந்தப் பதிலை நீக்குங்கள். நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்கள், ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் இவற்றின் எண்கள் விவரப் பகுதியில் இருக்கட்டும். மருந்துக் கடைக்காரர் உறுப்பினராக இருக்கலாம். ஆனால் கடைக்காரர் என்று பெயரோடு போட்டுக்கொள்ள வேண்டும்.

சிட்டா, ஆதார், ஏ.பி.கே.

கொள்முதலுக்கும் காப்பீட்டுக்கும் சிட்டா, அடங்கல் (நில உரிமை, சாகுபடி ஆவணங்கள்), பாஸ்புக், ஆதார் கேட்பார்கள். யாருக்கோ அனுப்ப வேண்டியதைக் குழுவில் போட்டுவிடுவது வாரம் ஒருமுறையாவது நடக்கும். பார்த்த உடன் நீக்கி, போட்டவருக்கு போன் செய்யுங்கள். விவசாயிகளுக்கான மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டமான "பி.எம். கிசான்" பெயரில் ஏ.பி.கே. கோப்பு (போனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் அது அரசாங்கம் அனுப்பியதில்லை, போனையே பிடுங்கும் வலை. அனுப்பியவர் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார்; அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். அவரைத் தற்காலிகமாகக் குழுவிலிருந்து எடுத்து, நேரில் சொல்லி, போன் சுத்தமானதும் சேருங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழைக்க வேண்டும். நேரம் ஆக ஆகப் பணத்தை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு குறையும்.

சண்டை வந்தால்

முதல் எச்சரிக்கையைக் குழுவில் தராதீர்கள். வயதில் பெரியவரைப் பத்துப் பேர் முன்னால் திருத்தினால் அவர் விஷயத்தை விட்டுவிட்டு மானத்தைக் காப்பாற்றத்தான் பேசுவார். தனியாக போன் செய்யுங்கள், எழுதுவதானால் இப்படி இருக்கட்டும்: "மாமா, நீங்க ராத்திரி போட்டது அவங்க தெருவைக் குறிக்கிற மாதிரி படிக்குது. நான் எடுத்துட்டேன். முறைத்தண்ணி பத்தி மட்டும் திரும்ப எழுதுங்க, நானே பின் பண்றேன்." எடுத்ததைச் சொன்னோம், ஏன் என்று சொன்னோம், அவருடைய நியாயம் வெளியே வர வழியும் கொடுத்தோம். இரண்டாம் முறை இரண்டு அட்மின்கள் சேர்ந்து பேச வேண்டும். மூன்றாவது முறை நீக்கலாம், 30 நாள் கழித்துத் திரும்பச் சேர்க்கலாம். உங்கள் சொந்தக்காரர் என்றால் முடிவை வேறு அட்மினிடம் விடுங்கள். சாதியைச் சொல்லித் திட்டினாலோ, பெண்களுக்கு ஆபாசம் அனுப்பினாலோ இந்தப் படிகள் எதுவும் இல்லை, நேரே நீக்கம்தான்.

கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டைக்கு இவ்வளவு கேட்டார்கள் என்று புகார் வரும். அதை அமுக்கக் கூடாது. நாள், இடம், நடந்தது மட்டும் எழுதச் சொல்லுங்கள். நேரில் பார்த்தவர்தான் எழுத வேண்டும். வசவும் செவிவழிப் பேச்சும் வேண்டாம். அப்படித் திரட்டியதை மாவட்ட விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கலாம்.

அட்மினாக இருந்தாலே வழக்கு வருமோ என்று பலர் பயப்படுகிறார்கள். உறுப்பினர் போட்டதற்கு, அட்மின் என்ற ஒரே காரணத்தால் குற்றப் பொறுப்பு வராது என்ற கருத்தில் 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் 2022-ல் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. தெரிந்தே கூட்டுச் சேர்ந்தால் கதை வேறு. நீக்குவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லது. குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசத்துக்கு மட்டும் அதுவும் கூடாது, வைத்திருப்பதே குற்றமாகலாம். வாட்ஸ்அப்பிலேயே ரிப்போர்ட் செய்து, நீக்கி, போலீசில் சொல்லுங்கள்.

புயலும் கைமாற்றும்

"அட்மின் மட்டும் எழுதலாம்" என்ற பூட்டு சண்டை தணிய இரண்டு மணி நேரத்துக்குப் போதும். புயல் இரவில் பூட்டவே கூடாது; மரம் விழுந்ததையும் கரை கசிவதையும் சொல்ல வேண்டியவர்கள் உறுப்பினர்கள்தான். 2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்தபோது மின்சாரமும் டவரும் சேர்ந்தே போயின. தெருவுக்கு ஒருவர் வீதம் பெயர், எண், வீடு எழுதிய காகிதப் பட்டியல் ஒன்றை ஒவ்வொரு அட்மினும் அக்டோபருக்குள் வைத்திருக்க வேண்டும்.

எண் மாற்றினால் வாட்ஸ்அப்பில் உள்ள எண் மாற்றும் வசதி வழியாகவே மாற்றுங்கள், அட்மின் உரிமை கூடவே வரும். சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டு வெளிநாடு போனால் அந்த எண் சில மாதங்களில் வேறொருவர் கைக்குப் போகும். பொறுப்பை விடுவதானால் குறுவை அறுவடை முடிந்து சம்பா வேலை சூடுபிடிக்கும் முன் விடுங்கள். புதியவருக்கு மூன்றைக் கொடுங்கள்: யாருக்கு எந்தத் தேதியில் எச்சரிக்கை தந்தோம் என்ற குறிப்பு, சரிபார்க்கக் கூப்பிடும் எண்கள், அந்தக் காகிதப் பட்டியல். முதல் இரண்டு வாரம் நீங்களும் அட்மினாகவே இருந்து, பிறகு விலகிக்கொள்ளுங்கள்.