ஆட்டோகிளேவை முதன்முறை இயக்குபவர்களுக்கு

சின்ன கிளினிக்கில் மேசைக்கு அடியில் நிற்கும், நீராவியால் கருவிகளின் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவைப் பார்த்தால் பெரிய குக்கர் என்றுதான் தோன்றும். தப்பில்லை, தத்துவம் அதேதான். 1879-இல் கிருமி ஆராய்ச்சியாளர் லூயி பாஸ்டரின் கூட்டாளி சார்லஸ் சாம்பர்லேண்ட் உருவாக்கியது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. டெட்டனஸ் கிருமியின் வித்துகள் (ஸ்போர், கெட்டியான உறைக்குள் உறங்கும் கிருமி வடிவம்) அந்தச் சூட்டைத் தாங்கிவிடும். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் நீராவி 121 டிகிரியைத் தொடும்.

1. கருவிகளை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்த ரத்தத்துக்கு அடியில் நீராவி எட்டாது. கத்தரிக்கோலின் வாய் திறந்தே இருக்கட்டும்.

2. நெருக்கி அடுக்காதீர்கள். கிண்ணங்களைச் சாய்த்து வையுங்கள். டிரம்மில், அதாவது துளைகள் உள்ள வட்டமான உலோகப் பெட்டியில், வைப்பதானால் அதன் பக்கத் துளைகளைத் திறந்துவிட வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம்.

3. குறி வரைக்கும் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி மூடியை இறுக்குங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றினால் ஹீட்டரில் படிவு பிடிக்கும்.

4. வால்வைத் திறந்து வைத்தே சூடாக்குங்கள். குக்கரில் ஆவி வந்த பிறகுதானே வெயிட் போடுகிறோம்? இங்கும் அப்படித்தான். முதலில் புஸ் புஸ்ஸென்று காற்றும் ஆவியும் கலந்து வரும். சீராக ஆவி வர ஆரம்பித்த பிறகு வால்வை மூடுங்கள். உள்ளே காற்று தங்கிவிட்டால் மீட்டர் 15 பவுண்டு காட்டும், ஆனால் உள்ளே 121 டிகிரி இருக்காது. கிருமியைக் கொல்வது நீராவியின் சூடு, அழுத்தம் இல்லை. அதனால் வெப்பமானியையும் பாருங்கள்.

5. 121 டிகிரியைத் தொட்ட பிறகே நேரத்தை எண்ணுங்கள். துணியில் சுற்றிய பொட்டலத்துக்கு 30 நிமிடம்.

6. அழுத்தம் பூஜ்ஜியத்துக்கு வந்ததும் மூடியைக் கொஞ்சம் மட்டும் திறந்து உலர விடுங்கள். ஈரத் துணி வழியாகக் கிருமி உள்ளே போய்விடும், ஈரப் பொட்டலம் இருந்தால் திரும்ப முதலிலிருந்துதான். அப்புறம் டிரம்மின் துளைகளை மூட மறக்காதீர்கள்.

பொட்டலத்தில் ஒட்டும் டேப்பில் கோடுகள் கறுத்திருந்தால் சூடு பட்டது என்று மட்டுமே அர்த்தம். கிருமி செத்ததா என்று அறிய ஸ்போர் பரிசோதனை வேண்டும். அதில் சூட்டை நன்றாகத் தாங்கும் ஜியோபாசில்லஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகளை உள்ளே வைத்துப் பிறகு வளர்கிறதா என்று பார்ப்பார்கள்.

வாசலின், எண்ணெய், பவுடர் எதையும் இதில் வைக்காதீர்கள். நீராவி அவற்றுக்குள் ஊடுருவாது. அவற்றுக்கு உலர் வெப்ப அடுப்பு, 160 டிகிரியில் 2 மணி நேரம்.