பழைய லாண்ட் ரோவருக்கு டீசல் எஞ்சின்: முதன்முறை செய்பவர்களுக்கு

மட்டக்களப்புப் படுவான்கரை வயல் வரம்புகளிலும் பாணமைப் பக்கத்துக் காட்டுப் பாதைகளிலும் பழைய சீரிஸ் லாண்ட் ரோவருக்கு நிகரான வண்டியை நான் பார்த்ததில்லை. ஆனால் அதன் 2,286 சிசி பெற்றோல் எஞ்சினுக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாமல், நல்ல வண்டிகளைக் கொட்டிலில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். டீசல் எஞ்சின் பொருத்தினால் அவை மீண்டும் உழைக்கும். லேத் வேலையையும் வெல்டிங்கையும் தெரிந்தவரிடம் கொடுத்துவிட்டால், மீதியைப் பொறுமையுள்ள எவரும் செய்யலாம்.

முதலில் செஸியைப் பாருங்கள்

உடல் அலுமினியம், செஸி எனும் அடிச்சட்டம் இரும்பு. கல்லடியிலிருந்து திருக்கோவில் வரை கடற்கரையோரம் நின்ற வண்டி என்றால், பெட்டி வடிவ இரும்பு உள்ளுக்குள் இருந்தே அரித்திருக்கும். சிறு சுத்தியலால் நெடுகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, பொத்தென்று கேட்கும் இடத்தை வெட்டிப் புதுத்தகடு வைக்க வேண்டும். டீசல் எஞ்சின் பாரமும் கூட, அதிர்வும் கூட. இற்றுப்போன செஸி அதைத் தாங்காது.

எந்த எஞ்சின்?

ரீகண்டிஷன் (பாவித்து இறக்குமதியான) எஞ்சின்களுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர்கள் பலர். நான் சிபாரிசு செய்வது இரண்டு: இசுசு எல்ஃப் லொறியில் வரும் 4ஜேபி1 (2,771 சிசி), நிசான் கரவன் வானில் வந்த டிடி27 (2,663 சிசி). இரண்டிலும் வால்வுகளை நேரத்துக்குத் திறக்கவைக்கும் டைமிங் பெல்ட் கிடையாது, அந்த வேலைக்குப் பல்சக்கரம்தான். பெல்ட் அறுந்து காட்டு நடுவில் நிற்கும் கவலை இல்லை. டர்போ உள்ளதை வாங்காதீர்கள். உங்கள் கியர்பொக்ஸும் பின் அச்சுத் தண்டுகளும் எழுபது, எண்பது குதிரை வலுவுக்காகச் செய்யப்பட்டவை. அதற்கு மேல் கொடுத்தால் சேற்றில் முதலில் முறிவது பின் அச்சுத் தண்டுதான்.

வாங்கும்போது மின்னழுத்தத்தைக் கேளுங்கள். எல்ஃப் லொறிகள் பல 24 வோல்ட், லாண்ட் ரோவர் 12 வோல்ட். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், குளோ பிளக் (குளிர்ந்த எஞ்சினைச் சூடேற்றுவது) மூன்றையும் 12 வோல்ட்டுக்கு மாற்றும் செலவை விலை பேசும்போதே கணக்கில் எடுங்கள். பற்றுச்சீட்டையும் இறக்குமதி ஆவணப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள், பின்னால் தேவைப்படும்.

அளவு: இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும்

எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்க அடாப்டர் தகடு தேவை. இதை லேத் பட்டறையில் செய்விக்கலாம். ஆனால் சரிபார்ப்பது உங்கள் வேலை. எஞ்சினுக்குள் சுழலும் கிராங் தண்டின் மையமும் கியர்பொக்ஸ் முன்தண்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கிளட்ச் தட்டின் நடுப்பகுதி பிளக்கும், முன் பெயரிங் இரையும், கியர் தானாக நழுவும்.

தகட்டையும் கிளட்சை மூடும் கூடான பெல் ஹவுசிங்கையும் எஞ்சினில் முறுக்குங்கள். காந்த அடியுள்ள டயல் கேஜை (நுண்ணிய அசைவை ஊசியால் காட்டும் மானி), கிராங்கின் முனையிலுள்ள பாரச்சக்கரமான பிளைவீலில் ஒட்டி, அதன் முனையை கியர்பொக்ஸ் வந்து அமரும் துளையின் உட்சுவரில் தொடவையுங்கள். கிராங்கைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ஊசி காட்டும் மொத்த ஆட்டத்தில் பாதிதான் உண்மையான விலகல். மொத்த ஆட்டம் 0.2 மில்லிமீற்றருக்குள் அடங்கும்வரை தகட்டை நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். அடங்கியதும் துளையிட்டு நிலைமுளை அடித்துவிடுங்கள். போல்ட் மட்டும் போதாது, அடுத்த முறை கழற்றிப் பூட்டும்போது அது இடம் மாறும்.

கிராங்கின் பின்முனையில் இருக்கும் சிறு வெண்கலப் புஷ்ஷையும் உங்கள் கியர்பொக்ஸ் தண்டின் மூக்குக்கு ஏற்றபடி கடைவியுங்கள். கிளட்ச் தட்டு பிளைவீலின் விட்டத்துக்கும் தண்டின் பற்களுக்கும் ஒருங்கே பொருந்த வேண்டும். இதற்குத் தட்டின் நடுப்பகுதியை மாற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

இறக்குதல்

இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரம். மாமரக் கிளையில் செயின் புளொக் கட்டாதீர்கள். கிளை முறிந்தால் உயிர் போகும். மூன்று கால் இரும்புச் சட்டம் வாடகைக்கு எடுங்கள். எஞ்சினைத் தொங்கவிட்டபடியே முன் அச்சை ஜாக்கியால் மேலே தள்ளிப் பாருங்கள். லாண்ட் ரோவரின் முன் டிப்ரென்ஷல் (அச்சிலுள்ள பல்சக்கரக் குடம்) வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும், எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த்தொட்டி அதில் இடிக்கக்கூடாது. விசிறிக்கும் ரேடியேற்றருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். எல்லாம் சரியான பிறகே எஞ்சின் தாங்கிகளை வெல்டிங் செய்யுங்கள்.

எரிபொருள்

பழைய தொட்டியைக் கழற்றிக் கழுவி, மிஞ்சும் டீசல் திரும்பி வர இரண்டாவது குழாய் ஒன்று பொருத்துங்கள். பெற்றோல் வண்டிக்கு அது இருக்காது. நீர் பிரிக்கும் வடிகட்டி கட்டாயம். பெற்றோல் தொட்டியை வெறுமையாக்கினாலும் வெல்டிங் நெருப்பை அருகில் கொண்டுபோகாதீர்கள். ஆவி வெடிக்கும்.

முதல் உயிர்ப்பு

கைப்பம்பை அழுத்தி, வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகால் நுரை முழுதும் வெளியேறும்வரை காத்திருங்கள். பிறகு இன்ஜெக்டர் குழாய்களின் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி ஸ்டார்ட்டரை இயக்குங்கள். முதலில் குமிழி சீறும், பிறகு சுத்தமான டீசல் விட்டுவிட்டுத் துள்ளும். துள்ளியதும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், ஆகவே கையை அருகில் கொண்டுபோகாதீர்கள்.

ஒருவர் பலகைத் துண்டுடன் காற்று உறிஞ்சும் வாயருகே நிற்கட்டும். டீசல் எஞ்சின் கட்டுமீறி ஓடினால் சாவியைத் திருப்பி நிறுத்த முடியாது. காற்றை அடைத்தால் அடங்கும்.

ஓட்டம்

அச்சு விகிதம் 4.7 என்பதால், 7.50×16 டயருடன் 3,000 சுற்றில் நாலாம் கியரில் வேகம் 80 கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டும். அதற்கு மேல் விரட்டாதீர்கள். பெற்றோல் எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் டிஸ்ரிபியூட்டரும் சுருளும் இல்லாததால் நனைந்து நின்றுபோகும் தொல்லை தீர்ந்தது. ஆனால் உறிஞ்சும் வாய்க்குள் தண்ணீர் புகுந்தால் பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ரொட் வளையும். மாரி வெள்ளத்தில் வாய்க்கால் கடப்பவர்கள் உறிஞ்சு குழாயைக் கூரை மட்டத்துக்கு உயர்த்துங்கள்.

முதல் வாரம் பாரம் ஏற்றாமல் ஓட்டி, வெப்பமானியைப் பார்த்தபடி இருங்கள். எஞ்சின் தாங்கி போல்ட்டுகளைத் திரும்ப இறுக்குங்கள். பிறகு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் இலக்கத்தையும் எரிபொருள் வகையையும் மாற்றிப் பதியுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். டீசல் வண்டிக்குப் புகைப் பரிசோதனையில் புகையின் அடர்த்தியை அளப்பார்கள் என்பதால், போகும் முன் காற்று வடிகட்டியை மாற்றி, இன்ஜெக்டர்களைப் பம்ப் பட்டறையில் பரிசோதித்து எடுத்துப் போங்கள்.