ஹோம் தியேட்டர் அறைக்கு மரப் பீடிங்: நீங்களே பொருத்தலாம்

திருகோணமலையின் கடலோர உப்புவெளியில் எங்கள் வீட்டுப் பின்அறையை ஹோம் தியேட்டராக மாற்றியபோது, சுவரின் அடியில் ஓடும் மரப் பீடிங்கை நானே அடித்தேன். மார்கழி மழைக்குள் மரம் வாங்கி, மறுநாளே பொருத்தியும் விட்டேன். ஆனியில் வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் மூலைகள் வாய் பிளந்தன. படம் ஓடும்போது ஒரு பக்கம் 'கிர்ர்' என்று அதிர்ந்தது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி செய்த முறை இது.

முதலில் மரத்தை அறைக்குப் பழக விடுங்கள். சட்டங்களை இரண்டு கிழமை அதே அறையில், இடையிடையே சிறு துண்டுகள் வைத்துப் படுக்கையாக அடுக்குங்கள். ஏசி உள்ள அறை என்றால், அந்த நாட்களில் ஏசியையும் வழக்கம்போலப் போடுங்கள். பிறகு பின்பக்கம் உட்பட நான்கு பக்கமும் பிரைமர் பூசுங்கள். சுவரில் ஏறியபின் பின்பக்கத்துக்குத் தூரிகை போகாது.

அடுத்தது மூலை. இதில் அவசரமே வேண்டாம். உள்மூலையில் இரண்டு சட்டங்களையும் 45 பாகையில் வெட்டிச் சேர்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் மரம் காயும்போது நீளத்தில் அவ்வளவாகக் குறையாது, அகலத்திலும் தடிப்பிலும்தான் சுருங்கும். அதனால் அந்த இணைப்பு திறந்துகொள்ளும். நம் சுவர் மூலைகளும் சரியாக 90 பாகை இருப்பதில்லை; மூலைமட்டம் வைத்துப் பாருங்கள், தெரியும்.

எனவே முதல் சட்டத்தை நேராக வெட்டி, சுவரில் முட்டும்படி வையுங்கள். இரண்டாவது சட்டத்தின் நுனியை 45 பாகையில் சரித்து வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் பீடிங்கின் வளைவு ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை ஒட்டிக் கோப்பிங் வாளால் (வளைவுகளை அறுக்கும் மெல்லிய அலகு வாள்), கொஞ்சம் பின்பக்கம் சரிந்தாற்போல் அறுத்து எடுங்கள். அப்புறம் அரத்தால் மெல்லத் தேய்த்தால், அது முதல் சட்டத்தின் முகத்தில் அச்சாக உட்காரும். மரம் சுருங்கினாலும் இடைவெளி எளிதில் கண்ணில் படாது. முதலில் இரண்டு மூன்று கழிவுத் துண்டுகளில் பழகுங்கள்.

சீமெந்துச் சுவரில் வெறும் ஆணி நிற்காது. 16 அங்குலத்துக்கு ஒரு 6 மி.மீ. துளை போட்டு, ஸ்க்ரூ பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் வைத்து, ஸ்க்ரூவால் இறுக்குங்கள். சுவிட்ச், பிளக்பொயின்ட் இருக்கும் இடத்துக்கு நேர் மேலும் கீழும் துளைக்க வேண்டாம், வயர் பெரும்பாலும் அங்கேதான் ஓடும். கடல் உப்பு படுகிற ஊரில் சாதாரண ஸ்க்ரூ சீக்கிரம் துருப்பிடித்துப் பெயின்டில் கறை விடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு வாங்குங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை.

இறுக்குமுன் சட்டத்தின் பின்னால் சிலிக்கோன் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். தியேட்டர் அறைக்கு இது கட்டாயம். மரத்துக்கும் சுவருக்கும் இடையில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் சப்வூஃபர் (பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) அடிக்கும்போது மரம் சுவரில் தட்டும். சிலிக்கோன் காய்ந்ததும், பேஸ் கூடிய பாட்டு ஒன்றைச் சத்தமாக வைத்து, பீடிங்கைக் கையால் அழுத்திக்கொண்டே நடந்து பாருங்கள். எங்கே அழுத்தும்போது அதிர்வு நிற்கிறதோ, அங்கே இன்னொரு ஸ்க்ரூ போடுங்கள்.

கடைசியில் ஸ்க்ரூத் தலைகளைப் புட்டியால் மூடித் தேய்த்து, மினுக்கமில்லாத கடும் நிறம் அடியுங்கள். மினுங்கும் வார்னிஷ் வேண்டாம். திரைக்குப் பக்கத்தில் அது வெளிச்சத்தைத் திருப்பியடித்து, இருட்டுக் காட்சிகளைக் கெடுத்துவிடும்.