நத்தை ஓட்டில் வெள்ளைத் திட்டு: நான் சரிசெய்த விதம்

செங்கோட்டையில் எங்கள் வீட்டுக் குழாயில் வருவது மலைத்தண்ணீர். குடிக்க அருமை, நத்தைக்கு ஆகாது. புனலூரில் வாங்கிய நெரைட் நத்தைகள் மீன்தொட்டிக் கண்ணாடியில் படிந்த பாசியை நன்றாகவே மேய்ந்தன. ஆனால் ஓட்டின் உச்சியில் வெள்ளைத் திட்டுகள் தோன்றி, குழிகுழியாக அரிக்கத் தொடங்கின. பாசி இருந்தால் போதும் என்றுதான் கடைகளில் சொல்கிறார்கள். போதவே போதாது. ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது; சுண்ணாம்புச் சத்தில்லாத, பி.எச். 7க்குக் கீழே இறங்கிய, அதாவது அமிலத்தன்மை கொண்ட நீர் அதை மெல்லக் கரைத்துவிடும்.

சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்தேன்: பி.எச். 6.5, கடினத்தன்மை, அதாவது நீரில் கரைந்த சுண்ணாம்புச் சத்து, ஏறக்குறைய இல்லை. நாட்டு மருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்று கேட்டால் கணவாய் மீனின் உள்ளோடு கிடைக்கும். அதைக் கழுவி ஒரு துண்டைத் தொட்டியில் இட்டேன். கிளிஞ்சல்களை நொறுக்கி, துணிப்பையில் கட்டி வடிகட்டிக்குள் வைத்தேன். இரண்டும் மெதுவாகத்தான் கரையும். அதுதான் வேண்டும், நீர் திடீரென மாறினால் மீன்களும் வாடிவிடும். பி.எச். 7.4இல் நிலைத்தது.

அரித்த இடம் பழையபடி ஆகாது. புது ஓடு வாய் விளிம்பில்தான் வளரும். அங்கே இப்போது கீறலின்றிப் பளபளவென்று வளர்கிறது. பார்க்கப் பார்க்க மகிழ்ச்சி!

பாசி தீர்ந்தால் வேகவைத்த பீர்க்கங்காய்த் துண்டு கொடுக்கிறேன். மீனுக்கு மருந்து ஊற்றும் முன் அதில் தாமிரம் இருக்கிறதா என்று பாருங்கள்; நத்தைக்கு அது நஞ்சு. கண்ணாடியில் எள் போல ஒட்டும் வெள்ளை முட்டைகள் பெருகிவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். உவர்நீர் இல்லாமல் அவற்றின் குஞ்சுகள் பிழைக்காது.